புதுப்பிப்பு: அப்பாவின் மூளையுறை இரத்தக்கட்டும் கரைப்பு மருந்தும்

மண்டையோட்டில் துளையிட்டு, மூளையுறைக்கு அடியில் தேங்கியிருந்த நாட்பட்ட இரத்தக்கட்டை வடித்த பிறகும் தந்தைக்கு உறைவு மிஞ்சி வடிகுழாய் அடைத்திருக்க, இரத்தக்கசிவுக்கே உறைவு கரைக்கும் மருந்து தருவது முறையா என்று சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். புதிய கசிவு இல்லையென ஸ்கேனில் உறுதிசெய்த பின்னரே, அல்டிப்ளேஸ் என்னும் அந்தக் கரைப்பு மருந்தை நரம்பில் ஏற்றாமல், சிறிதளவைக் குழாய் வழியே அந்த இடத்திலேயே செலுத்தி, சற்று நேரம் மூடிவைத்துத் திறந்தனர். அது இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜென் என்னும் புரதத்தைப் பிளாஸ்மின் என்னும் நொதியாக மாற்றி, உறைவைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. மறுநாள் காலை, வறண்டிருந்த வடிகுழாய்ப் பையில் பழைய எஞ்சின் ஆயில் போன்ற கருந்திரவம் இறங்கியிருந்தது.

இது இன்னும் வழக்கமான சிகிச்சை அன்று. வடிகுழாயின் பலனோ தெளிவானது: 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், குழாய் வைக்காதோரில் 24 சதவீதத்தினருக்கும் வைத்தோரில் 9.3 சதவீதத்தினருக்கும் கட்டு திரும்பியது. நேற்று குழாயை எடுத்துவிட்டனர். அப்பா தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார்.