ஸ்லீவ் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் இருக்கிறது: முன்னும் பின்னும் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேட்டவர்: தூக்கணாங்குருவி

வணக்கம். என் கணவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன், ஸ்லீவ் வகை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது). எடை 128 கிலோ, உயரம் 170 செ.மீ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., கிளிமிபிரைடு இரண்டும் போகின்றன. பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைப்பது) கலந்த ஒன்று. ராத்திரி குறட்டை அதிகம். கையில் கொடுத்த தாளில் "2 வாரம் கல்லீரல் டயட், பிறகு திரவம், பிறகு மசித்தது" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தெரிய வேண்டியவை: கல்லீரல் டயட் எதற்கு, நடுவில் ஒருநாள் மீறினால் என்ன ஆகும்? இப்போது சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது? முதல் மாதம் எவ்வளவு, எப்படிச் சாப்பிட வேண்டும்? வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுக்க என்கிறார்களே, சாதாரண மல்டிவைட்டமின் போதாதா?

"நடந்தாலே குறையுமே" வகைப் பதில்கள் வேண்டாம். முடிவெடுத்தாயிற்று.

---

பதில்: நாலாம்வார்டு

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) அதைத் தூக்கிப் பிடித்தால்தான் அறுக்க வேண்டிய இடம் கண்ணில் படும். கொழுப்பேறிய கல்லீரல் பெரிதாக, கனமாக இருக்கும், தொட்டாலே ரத்தம் கசியும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜனும் (சேமித்துவைத்த சர்க்கரை) அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் முதலில் வெளியேறும், பிறகு கொழுப்பும் கொஞ்சம் கரையும். வழக்கமாக ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து 100 கிராமுக்குள். முதல் வாரத்தில் ஒருநாள் மீறினால் குடி முழுகாது. கடைசி இரண்டு நாளில் "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று விருந்து வைப்பதுதான் ஆபத்து, கிளைக்கோஜன் ஓரிரு நாளில் திரும்ப நிரம்பிவிடும்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது கிளிமிபிரைடு. ஆபரேஷன் அன்று நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, டயட் தொடங்கும் அன்றே அதன் டோஸைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்வார்கள். அது சாப்பாட்டைப் பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும், 800 கலோரியில் இருப்பவருக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும். சர்க்கரை டாக்டரை டயட் தொடங்குமுன் பார்த்து, எந்த அளவு வந்தால் எதை விட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் தாழ்சர்க்கரை பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்க, ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) ஏறி ஆபத்தாகும் மருந்து வகை அது. வாரத்துக்கொருமுறை போடும் எடை குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும்.

பிரஷர் மாத்திரையில் உள்ள தண்ணீர் மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து குடிக்கவே திணறுகிற வாரங்களில் அதைத் தொடர்ந்தால் உடம்பு வறண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவார்.

குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை ஆகிவிட்டதா? மூச்சுத் தடை உறுதியானால் சிபாப் கருவியை (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருவது) இப்போதே பழகி, ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப்போக வேண்டும். அந்தக் காற்றழுத்தத்தில் தையல் விட்டுவிடும் என்று ஒரு வதந்தி உண்டு, அதற்காகக் கருவியைக் கழற்றிவைக்க வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும், ஆறு வார இடைவெளியாவது கேட்பார்கள். நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்டோஸ்கோப்பி செய்தார்களா என்றும் பாருங்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம், அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை பைபாஸ் (சிறு இரைப்பைப் பையை நேராகக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) பொருத்தம் என்று சொல்வதும் அதனால்தான். பேசுவதானால் இப்போது பேச வேண்டும்.

---

பதில்: அளவுக்கரண்டி

முதல் மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாள்கணக்கு கொஞ்சம் மாறும், அவர்கள் தந்த தாளே முதன்மை. பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம், இரண்டாம் வாரம் முடியும்வரை எல்லாத் திரவமும், 3 மற்றும் 4ஆம் வாரம் கட்டியில்லாமல் மசித்தது, 5 மற்றும் 6ஆம் வாரம் மெத்தென்ற உணவு, பிறகு சாதாரண உணவு. பசி இல்லை, வலி இல்லை, ஆகவே ஆறிவிட்டது என்று ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடக்கூடாது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை நீளவாக்கில் உலோக ஸ்டேப்பிள்களால் மூடியிருப்பார்கள். அந்தக் கோடு ஆற வாரங்கள் ஆகும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால், பசியின்மை ஆறியதற்கு அடையாளம் அல்ல.

தண்ணீர்: 30 மி.லி. மருந்துக் கப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு கப், மடமடவென்று அல்ல, உறிஞ்சி உறிஞ்சி. மணிக்கு 120 மி.லி., விழித்திருக்கும் 12, 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வந்துவிடும். போனில் அலாரம் வைக்காமல் இது நடக்காது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் கணிசமானோர் வருவது வெறும் நீர்வறட்சியால்தான்.

திட உணவு தொடங்கியதும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான். இடம் கொஞ்சம்தான், தண்ணீர் அடைத்துக்கொண்டால் புரோட்டீனுக்கு இடமில்லை. சிலருக்கு எதுக்களித்தும் வரும்.

புரோட்டீன் நாளைக்கு 60 முதல் 80 கிராம். முதலில் பால், தயிர், பவுடர். பிறகு மசித்த பருப்பு, முட்டை, மீன். தட்டில் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும், அடுத்து காய், மாவுப்பொருள் கடைசி. மூன்று, நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் போகாது. சின்னக் கரண்டி, சின்னத் தட்டு, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். அரை மணிக்கு மேலும் இழுத்தால் அது கொறிப்பாகிவிடும்.

"போதும்" என்ற உணர்வு பழைய மாதிரி வயிற்றில் வராது. நெஞ்செலும்புக்குக் கீழே ஓர் அழுத்தமாக வரும், சிலருக்கு விக்கல், தும்மல், மூக்கில் நீர் வடிவது. அது வந்தபின் இன்னும் ஒரு வாய் வைத்தால் வலி, நுரைத்த எச்சில், பிறகு வாந்தி. சிக்கிக்கொண்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், வலிதான் கூடும். நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடக்கட்டும். அதிகம் சிக்குபவை: காய்ந்த கோழி நெஞ்சுக்கறி, மெத்தென்ற ரொட்டி, குழைந்து திரண்ட சோறு. ஒரு வேளைக்கு ஒரு புதுப் பொருள் மட்டும் கொடுத்துப் பார்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

இன்னொன்று. ஐஸ்கிரீம், சிப்ஸ், இனிப்புப் பானம் எதுவும் சிக்கவே சிக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். கஷ்டமில்லாமல் இறங்குகிறது என்பதற்காகவே பலர் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள், எடை திரும்பி ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்.

---

பதில்: மருந்துப்பெட்டி

சாதாரண மல்டிவைட்டமின் போதாது. மிட்டாய் போல மெல்லும் வகை சுத்தமாகப் போதாது, பலவற்றில் இரும்பே இருக்காது.

அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்படி ஸ்லீவுக்குத் தினசரி அளவு ஏறக்குறைய இப்படி: பி12 வாய்வழியாக 350 முதல் 500 மைக்ரோகிராம், அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி, தயமின் (வைட்டமின் பி1) குறைந்தது 12 மி.கி.; இரும்பு 45 முதல் 60 மி.கி.; கால்சியம் உணவையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி.; வைட்டமின் டி3 3000 யூனிட்டில் தொடங்கி ரத்த அளவு மி.லி.க்கு 30 நானோகிராமைத் தாண்டும்வரை. ரத்தப் பரிசோதனை பார்த்து உங்கள் டாக்டர் மாற்றுவார்.

உங்கள் கணவர் விஷயத்தில் பி12-ஐக் குறிப்பாகச் சொல்கிறேன். அதை உறிஞ்ச வேண்டிய அமிலமும் துணைப் புரதமும் ஸ்லீவுக்குப் பின் குறைகின்றன. மெட்ஃபார்மின் தனியாகவே பி12-ஐக் குறைக்கும். ஆபரேஷனுக்குப் பின் தரும் அமிலக் குறைப்பு மாத்திரை மூன்றாவது. கல்லீரலில் பழைய இருப்பு இருப்பதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை விட்டபின், இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போய் வருவார்கள்.

கால்சியம் என்றால் சிட்ரேட். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அதுதான் இப்போது குறைவு. ஒரே தடவையில் 500, 600 மி.கி.க்கு மேல் உறிஞ்சாது, ஆகவே பிரித்துத்தான் போட வேண்டும். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், 2 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு உள்ள மல்டிவைட்டமினையும் இரும்பாகவே கணக்கில் வையுங்கள். உதாரணமாகக் காலை 8 மணிக்கு மல்டி, 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கால்சியம், இரவு 8 மணிக்கு இரும்பு. டீ, காபி இரும்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். பெரிய மாத்திரை. அதைப் பொடித்துக் கொடுக்கக்கூடாது, மெதுவாக வெளியாக வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சாதாரண வகைக்கோ திரவத்துக்கோ மாற்றித் தரச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகையைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. பைபாஸ் ஆனவர்களுக்கு அது இணைப்பில் புண் உண்டாக்கும், ஸ்லீவிலும் தவிர்ப்பது நல்லது.

முடி கொட்டும். 3ஆம் மாதம் தொடங்கிச் சில மாதம் நீடித்து, பிறகு தானே நிற்கும். பயோட்டின் வாங்கிக் குவிக்க வேண்டாம், பலன் இல்லாதது போக, தைராய்டு முதலான சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அது குழப்பும். புரோட்டீன், இரும்பு, துத்தநாகம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

---

பதில்: தராசுமுள்

அளவுக்கரண்டி சொன்ன 60 கிராம் புரோட்டீன் முதல் வாரத்தில் பலருக்கு எட்டாது. அதைத் துரத்திக்கொண்டு ஷேக்கைத் திணித்து, வாந்தி எடுத்து, தண்ணீரையும் கோட்டைவிடுவது அதிகம். முதல் வாரம் தண்ணீரே முக்கியம். புரோட்டீன் வாரம் வாரமாக ஏறட்டும்.

3ஆம் வாரம் வாக்கில் எடை அசையாமல் நிற்கும், அதற்காக டாக்டருக்குப் போன் போட வேண்டியதில்லை. முதலில் வேகமாக இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர், உடம்பு அதைச் சரிக்கட்டும் நேரம் அது. வாரம் ஒரே நாள், ஒரே நேரம் எடை பார்த்தால் போதும். 128 கிலோவில் தொடங்குபவர் ஒன்றரை வருடத்தில் 95 முதல் 100 கிலோவுக்கு வந்தால் அது வழக்கமான பலன். 70க்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

---

தூக்கணாங்குருவி

எல்லோருக்கும் நன்றி. தூக்கப் பரிசோதனை இன்னும் ஆகவில்லை, நாளைக்கே கேட்கிறேன். ஒரு சந்தேகம்: வாந்தி சகஜம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். எது சகஜம், எதற்கு ஓட வேண்டும்?

---

பதில்: நாலாம்வார்டு

வேகமாகத் தின்றதால், அதிகம் தின்றதால் எப்போதாவது ஒருமுறை எடுத்தால் சகஜம். தினமும் எடுத்தால் சகஜம் அல்ல. 24 மணி நேரம் தண்ணீரே தங்கவில்லை என்றால் போய்விட வேண்டும்.

வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் தயமின் தீர்ந்துவிடும், உடம்பில் அதன் இருப்பு சில வாரத்துக்குத்தான். பார்வை இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு இவை வந்தால் மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. பக்கத்தில் உள்ள ஏதாவது ஓர் அவசரப் பிரிவுக்குப் போனாலும், "இரைப்பை ஆபரேஷன் ஆனவர், வாந்தி நிற்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகும்.

தையல் கசிவு பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் தெரியும், வீட்டுக்கு வந்தபிறகும் வரலாம். வலியைவிட நாடி முதலில் காட்டிக்கொடுக்கும்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால், அதோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இடது தோள் வலி, இனம்தெரியாத பதற்றம் எது சேர்ந்தாலும் உடனே கிளம்புங்கள். முதல் ஓரிரு நாள் தோள் வலி மட்டும் தனியாக இருந்தால் அது ஆபரேஷனில் ஊதிய வாயு, நடந்தால் போகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், காத்திருக்கக்கூடாது. அதனால்தான் ஆபரேஷன் அன்றே எழுப்பி நடக்கவிடுவார்கள்.

பித்தக்கல்லுக்கும் ஒரு வரி. எடை வேகமாக இறங்கும் முதல் ஆறு மாதத்தில் அது உருவாகும். பித்தப்பை உள்ளவர்களுக்கு அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை ஆறு மாதம் தருவது உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு இந்த இடைவெளி போதாது. முதல் மாதம் வீட்டிலேயே தினமும் அளந்து எழுதி, வாரம் ஒருமுறை டாக்டருக்குக் காட்டுங்கள்.