சென்னையின் பழைய ஸ்டேஷன்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்க

கல்மண்டபத்துக்காரன்:

ராயபுரம் ஸ்டேஷனைப் பத்தி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, நேரா விஷயத்துக்கு வர்றேன். கும்மிடிப்பூண்டி லோக்கலுக்காகக் காத்திருந்த நேரம். பழைய கட்டடத்துத் தூண்களைப் பார்த்துக்கிட்டு நின்னேன். மீன் வித்து முடிச்ச அம்மா ஒருத்தங்க, காலி அன்னக்கூடையைத் தூணில் சாய்ச்சு வெச்சுட்டு கீழே உட்கார்ந்திருந்தாங்க. "இன்னா தம்பி, தூணையே பாத்துனு நிக்கிற? இன்னா பங்களா இது?"ன்னு கேட்டாங்க.

சொன்னேன். 1856 ஜூன் 28 அன்னைக்கு கவர்னர் ஹாரிஸ் திறந்து வெச்ச ஸ்டேஷன்மா இது. ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவுல ஓடின முதல் பாசஞ்சர் வண்டி இங்கேயிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு. பம்பாயிலும் ஹவுராவிலும் முதல்ல கட்டின கட்டடங்கள் இப்ப இல்லை, நாட்டிலேயே இன்னும் நிக்கிற பழைய ஸ்டேஷன் இதுதான்னு மூச்சு விடாம ஒப்பிச்சேன்.

அவங்க தலையைத் தூக்கி மேலே வரைக்கும் பார்த்தாங்க. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இங்கதான் ஏறி எறங்குறேன். இம்மாம் பெரிய ஸ்டேஷன் நம்மூட்டாண்ட இருந்தா, ஊருக்குப் போக நாங்க ஏன் சென்ட்ரலுக்கு ஓடறோம்?"

வண்டி வந்துடுச்சு. கூடையை இடுப்பில் வெச்சுக்கிட்டு லேடீஸ் பெட்டிக்குப் போயிட்டாங்க. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடலை. வடசென்னைக்கு இருந்ததை ஏன் எடுத்தாங்க?

சிந்தாதிரிப்பேட்டை வாசகர்:

'முதல் பாசஞ்சர் வண்டி' என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பலர் 'முதல் ரயில்' என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாலேயே, 1837இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வரை தண்டவாளம் போட்டு, சென்னையில் சாலை போடுவதற்குக் கல் கொண்டுவந்தார்கள். இன்ஜினியர் ஆர்தர் காட்டன் முன்னின்று செய்த வேலை. ஆள் ஏற்றவில்லை, கல் மட்டும்தான்.

இனி உங்கள் கேள்வி. 'எடுத்தாங்க' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராயபுரம் கடலோரத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. துறைமுகம் வளர வளர, ராயபுரத்துத் தண்டவாளமெல்லாம் சரக்குக்கே தேவைப்பட்டது. 1907க்குப் பிறகு பயணிகளுக்கான பெரிய முனையம் சென்ட்ரல்தான். மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகமும் 1922இல் ராயபுரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இன்று இருக்கும் வெள்ளைக் கட்டடத்துக்குப் போயிற்று. ஊர் தெற்கிலும் மேற்கிலும் வளர்ந்தது, ரயில் ஊரோடு போயிற்று.

என் அனுபவம் சின்னது. பறக்கும் ரயிலின் சிந்தாதிரிப்பேட்டை பிளாட்பாரத்திலிருந்து கூவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் அந்தக் கல் வண்டியைப் பற்றிச் சொன்னேன். "தண்டவாளம் எங்க சார்?" என்று கீழே எட்டிப் பார்த்தான். காட்ட ஒரு துண்டு இரும்புகூட அங்கே இல்லை. ஒரு பெயர்ப் பலகையாவது வைத்திருக்கலாம்.

மதுரைப் பேத்தி:

நான் எழும்பூர் பத்திச் சொல்றேன். நாலாவது, அஞ்சாவது பிளாட்பாரத்துக்கு நடுவுல கார் உள்ளேயே போற பாதை இருந்துச்சே, அது ஞாபகம் இருக்கா? எங்க அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். அப்ப மீட்டர் கேஜ்தான், ஒரு மீட்டர் அகலமுள்ள சின்னப் பாதை. அம்பாசிடரை சித்தப்பா நேரா பெட்டிக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினாரு. கார் கதவைத் திறந்தா எதிர்லயே வண்டிக் கதவு. ஹெட்லைட் வெளிச்சத்துல பெட்டி மேல ஒட்டின சார்ட்ல எங்க பேரு தெரிஞ்சுச்சு. போர்ட்டர் அண்ணன் ஒருத்தரு, "ஆத்தா, என் தோளைப் புடிச்சுக்க"ன்னு சொல்லி, சேர்ல உட்கார வைக்கிற மாதிரி பெர்த்துல உட்கார வெச்சுட்டாரு. காசு குடுத்தப்ப வாங்கல.

ஹென்றி இர்வின் வரைஞ்சு, 1908ல திறந்த கட்டடம். கட்டினவரு பெங்களூரு கான்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை. நடக்க முடியாத ஒரு கிழவி வண்டி ஏறுற வழியை அவங்க அன்னைக்கே யோசிச்சிருக்காங்களேன்னு நினைக்கிறப்பல்லாம் மனசு நெகிழ்ந்துடும். இப்ப அங்க நடக்கிற சீரமைப்பு வேலையில அந்த வசதியும் திரும்ப வரணும்.

கார்டு டிக்கெட் சேகரிப்பாளர்:

அந்தப் பாதை கோச்சு வண்டியில் வந்த துரைமார்களுக்காகப் போட்டது, பாட்டிகளுக்காக அல்ல என்பது என் கருத்து. இருந்தாலும் உங்கள் அப்பத்தாவுக்குப் பயன்பட்டதில் மகிழ்ச்சி.

மாம்பலம் கவுன்டரில் கடைசியாக நான் வாங்கிய அட்டை டிக்கெட்டைத் தேதி மெஷினில் 'டக்'கென்று குத்திக் கொடுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அட்டை டிக்கெட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு அட்டையைப் பிரித்தெடுக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சள் கறை ஏறிவிடும். அமிலம் இல்லாத காகிதத்தில் மடித்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். யாருடைய பயணம், எந்த வருஷம் என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். பேனா வேண்டாம், மை கசியும். போட்டோ எடுக்கும்போது இரண்டு பக்கமும் எடுங்கள், வரிசை எண் தெரியட்டும். வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள். 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பார்கள். 'ஷிஃப்ட் முடிஞ்சு எங்கே கை கழுவுவீங்க?' என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். குழந்தைகளைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரயில் மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள்.

தாம்பரம் சீசன் பாஸ்:

@கார்டு டிக்கெட், யாருக்காகப் போட்டாங்கங்கிறதை வெச்சு மட்டும் ஒரு கட்டடத்தை எடை போடக்கூடாது. பீச்-தாம்பரம் மின்சார ரயிலும் 1931ல வெள்ளைக்காரன் விட்டதுதான். பம்பாய்ல 1925லயே மின்சார வண்டி வந்துடுச்சு, ஆனா அது அகலப் பாதை. மீட்டர் கேஜ்ல நம்ம வண்டிதான் நாட்டிலேயே முதல். அதுல ஆபீஸ் போய்த்தான் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரமெல்லாம் வீடு கட்டிச்சு.

2004ல அந்தச் சின்ன வண்டிங்களை நிறுத்தின சமயத்துல நான் பீச் ஸ்டேஷன்ல இருந்தேன். ஒரு மோட்டார்மேன் கேபினை விட்டு இறங்கி, நாலடி நடந்துட்டு, திரும்பி வந்து கைப்பிடியைக் கைக்குட்டையால துடைச்சாரு. மறுநாள் யாரும் அதைத் தொடப்போறதில்லைன்னு அவருக்கும் தெரியும். சுத்தமாத் துடைச்சுட்டுத்தான் போனாரு.

கல்மண்டபத்துக்காரன்:

@சிந்தாதிரிப்பேட்டை, வருஷமெல்லாம் சரி. ஆனா ஊர் தெற்கே வளர்ந்ததால ரயில் போச்சா, ரயில் போனதால ஊர் தெற்கே வளர்ந்துச்சா? இப்பத்தானே தாம்பரம்காரர் சொன்னாரு! மெட்ரோவும் அப்படித்தான். 2015ல ஆலந்தூர்-கோயம்பேடு ஓடுச்சு, வடக்கே எங்க வண்ணாரப்பேட்டைக்கு 2019, விம்கோ நகருக்கு 2021. சரக்கும் தூசியும் மட்டும் எங்களுக்கு முதல்ல வரும்.

பேசின் பிரிட்ஜ் லோகோ பையன்:

அண்ணா, கோபம் நியாயம். எங்க அப்பா பேசின் பிரிட்ஜ் ஷெட்ல ஃபிட்டரா இருந்தவரு. 2018ல சென்ட்ரல் மெட்ரோ திறந்ததும் கூட்டிட்டுப் போனேன். எஸ்கலேட்டர்ல இறங்கி ஏசி, கண்ணாடிக் கதவு எதையும் பார்க்கல. நடுவுல நின்னு, "பெரிய ஸ்டேஷன் எந்தப் பக்கம், கூவம் எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. அங்க இருந்த செக்யூரிட்டி பையனுக்கும் தெரியல. அப்பா ஒரு சுவத்துல உள்ளங்கையை வெச்சு, தண்ணி கசியுதான்னு தடவிப் பார்த்தாரு. "ஆத்துப் பக்கத்துல இவ்ளோ ஆழம் தோண்டியும் ஈரமில்ல, நல்லா வேலை செஞ்சிருக்கானுங்க"ன்னாரு. அப்புறம் அந்தப் பையனோட பேரு, ஊரு, சம்பளம் எல்லாம் விசாரிச்சாரு. பி.எஃப். பிடிக்கிறாங்களா, சம்பளச் சீட்டு குடுக்கிறாங்களான்னு கேட்டாரு. கான்ட்ராக்ட் வேலை, அதெல்லாம் தெரியாதுன்னான் பையன். வீடு வந்து சேர்ற வரைக்கும் அப்பா பேசினது அதைப் பத்தி மட்டும்தான்.