ஜெய் பாபா ஃபெலுநாத்: ஃபெலுடா துப்பாக்கியை நீட்டியது சரிதானா?

ரீல்பெட்டி:

சத்யஜித் ரேயின் ‘ஜெய் பாபா ஃபெலுநாத்’ (1979) படத்தைப் பல வருடம் கழித்து நேற்று இரவு மறுபடி பார்த்தேன். முடிவு வரை பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: துர்கா பூஜைக்குக் காசிக்குப் போகிறார் துப்பறிவாளர் ஃபெலுடா. கூடவே தம்பி முறையான தொப்ஷே, சாகச நாவல் எழுதும் லால்மோகன் பாபு. அவருடைய புனைபெயர்தான் ஜடாயு. அங்கே கோஷால் வீட்டில் ஒரு சின்ன கணேசர் சிலை காணாமல் போயிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் விலைமதிப்பில்லாதது. அந்தச் சிலை மேல் கண் வைத்திருப்பவர் மகன்லால் மேக்ராஜ் என்ற வியாபாரி.

சௌமித்ர சட்டர்ஜியின் ஃபெலுடாவைப் பிடிக்காதவர் யார்? குரல் உயராது, நடையில் அவசரம் இருக்காது, ஒரு சொல்கூட வீணாக வராது. இத்தனை நாகரிகமான துப்பறிவாளர் நம் நாட்டுத் திரையில் வேறு யாரும் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் எனக்கு வருத்தம்.

முதல் வருத்தம், அவர் துப்பறிகிற வேலை படத்தில் குறைவு. வில்லன் யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. சிலை எங்கே இருந்தது என்பதும் கோஷால் வீட்டுப் பையன் ருக்கு சொன்ன ‘ஆப்பிரிக்க ராஜா’ என்ற வார்த்தையில் இருந்தே கிடைக்கிறது. ஆப்பிரிக்க ராஜா என்றால் சிங்கம். துர்கையின் வாகனமான சிங்கத்தின் வாய்க்குள் சூயிங்கம் வைத்து ஒட்டியிருக்கிறான் பையன்.

இரண்டாவதுதான் பெரிய வருத்தம். கடைசியில் மாட்டிக்கொண்ட மகன்லாலைச் சுற்றி ஃபெலுடா துப்பாக்கியால் சுட்டு அவரை நடுங்க வைக்கிறார். அறிவால் ஜெயிக்கிற மனிதர் அங்கே ஏன் ரவுடியாக மாற வேண்டும்?

கெடிலம்:

ரீல்பெட்டி அண்ணே, முதல் வருத்தத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

‘யார் செய்தது’ என்று கடைசி வரை மூடி வைக்கிற கதை திரையில் எப்படி இருக்கும் என்று ரே ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார். 1967இல் வந்த ‘சிடியாகானா’, உத்தம் குமார் நடித்தது. அதற்காக ரேவுக்குத் தேசிய விருதே கிடைத்தது. ஆனாலும் அந்தப் படத்தில் அவருக்குத் திருப்தி இல்லை. துப்பறிவாளர் எல்லோரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கம் சொல்வது புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும், படத்தில் எடுபடாது. அதனால்தான் ஃபெலுடாவின் முதல் படமான ‘சோனார் கெல்லா’ (1974), இந்தப் படம் இரண்டிலும் குற்றவாளியை முன்னாலேயே காட்டிவிடுகிறார். யார் என்ற கேள்வி போய், இவனை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது கத்தி வீச்சுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மகன்லால் வீட்டில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்பத் வருகிறது. விஷம் இருக்குமோ என்று லால்மோகன் பாபு கையை நீட்டத் தயங்குகிறார். விஷம் இல்லை என்று மகன்லாலே சொல்கிறார். அந்தச் சிரிப்பிலேயே வயிறு கலங்குகிறது. அப்புறம் லால்மோகன் பாபுவைப் பலகை முன்னால் நிற்க வைத்து, அர்ஜுன் என்ற கிழட்டு வித்தைக்காரரைக் கூப்பிடுகிறார். அர்ஜுன் இருமுகிறார், கை நடுங்குகிறது, அந்தக் கையில்தான் கத்தி. லால்மோகன் பாபுவை ‘அங்கிள்’ என்றுதான் மகன்லால் கடைசி வரை செல்லமாகக் கூப்பிடுகிறார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது.

மகன்லாலாக நடித்த உத்பல் தத்தை நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ‘தில்லு முல்லு’வில் தேங்காய் சீனிவாசன் செய்த முதலாளி பாத்திரத்தை, அதன் மூலமான இந்தி ‘கோல்மால்’ படத்தில் செய்தவர் இவர்தான். அதுவும் அதே 1979இல். அங்கே நம்மைச் சிரிக்க வைத்த மனிதர் இங்கே ஒரு திண்டில் சாய்ந்துகொண்டு நம்மை உறைய வைக்கிறார்.

ஃபெலுடாவால் அந்த அறையில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுதான் படம். அத்தனை அறிவு இருந்தும் நண்பனைக் காப்பாற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் கடைசிக் காட்சி ஏன் என்று கேட்கிறீர்களே.

ரீல்பெட்டி:

கெடிலம் தம்பி, கத்தி வீச்சுக் காட்சி பற்றி நீங்கள் சொன்ன அத்தனையும் ஒத்துக்கொள்கிறேன். அர்ஜுனாக வரும் காமு முகர்ஜிதான் ‘சோனார் கெல்லா’வில் மந்தார் போஸாக வந்தவர் என்பதை நம்பவே முடியாது, அப்படி மாறியிருப்பார்.

என் கேள்வி வேறு. அந்த அவமானத்துக்குப் பிறகு படித்துறையில் உட்கார்ந்து, இதற்குப் பழி வாங்குவேன், இல்லையென்றால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவேன் என்று தொப்ஷேயிடம் சொல்கிறார் ஃபெலுடா. சரி, பழி வாங்கட்டும். ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த மச்லி பாபா என்ற போலிச் சாமியாரின் வேடத்தில் தானே உட்கார்ந்து, வந்து வணங்கும் மகன்லாலைப் பிடித்துவிட்டாரே! அதைவிட அழகான பழி உண்டா? பக்திமானாக நடிப்பவனை அவன் பக்தியை வைத்தே பிடித்தாயிற்று. அப்புறம் எதற்குத் துப்பாக்கி?

சாந்தி மாம்பலம்:

நான் என் பையனோடு சேர்ந்து பார்த்தேன். அவனுக்குப் பத்து வயது. வங்காளம் தெரியாது, நான்தான் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துச் சொன்னேன். கத்தி ஒவ்வொன்றாகப் பலகையில் விழும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கணேசரைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ஜடாயு மாமாவை அப்படிப் பண்ணவனை விடுவாங்களாம்மா?” என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஃபெலுடா 1965இல் ‘சந்தேஷ்’ பத்திரிகையில் பிறந்தவர். ரேயின் தாத்தா தொடங்கிய சிறுவர் பத்திரிகை அது. இது குழந்தைகளுக்காகச் சொன்ன கதை. பெரியவர்களுக்குச் சட்டம் போதும். சாதுவான ஒரு மனிதரை ஒரு அறையில் நிறுத்திக் கேவலப்படுத்தியதைப் பார்த்த குழந்தைக்கு, அதைச் செய்தவன் ஒரு நிமிடமாவது அதே பயத்தை உணர வேண்டும். ஒரு குண்டுகூட மகன்லால் மேல் படவில்லை. கத்தி எப்படி லால்மோகன் பாபு மேல் படவில்லையோ அப்படித்தான். கணக்கு சரியாக இருக்கிறது.

காவிரிக்கரை:

எல்லோரும் துப்பாக்கியிலேயே நிற்கிறீர்கள். அந்தக் கணேசரைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே.

நான் கும்பகோணம் பக்கம். சிலை திருட்டு என்றாலே எங்களுக்குச் சிவபுரம் நடராசர்தான் ஞாபகம். 1951இல் நிலத்துக்கு அடியில் கிடைத்தது. பழுது பார்க்க என்று வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அந்த நகலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று 1965இல் எழுதியவர் லண்டனில் இருந்த ஒரு கலை வரலாற்று அறிஞர். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்து, 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது.

பழம்பொருள்களைப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1976இல். படம் வந்தது 1979. அன்றைக்கு மகன்லால் மாதிரி ஆட்கள் கற்பனை இல்லை. வாசலில் வந்து மரியாதையாக விலை கேட்பார்கள். கொடுக்கவில்லை என்றால் வேறு வழியில் பொருள் போகும். படத்தில் மச்லி பாபா வழியாகப் பொருள் கைமாறுகிறது. ஊரே விழுந்து கும்பிடும் ஆளை எந்தப் போலீஸ்காரர் சோதனை போடுவார்?

ரீல்பெட்டி ஐயா, துப்பறியும் வேலை குறைவு என்றீர்கள். ஒரு சாமியாரைச் சந்தேகப்படுவது இந்த நாட்டில் சின்ன வேலையா?

இரவுக்காட்சி:

நான் மாறுபடுகிறேன். இந்தப் படத்தைத் தேவைக்கு மேல் கொண்டாடுகிறோம். ‘சோனார் கெல்லா’வில் ரயிலைத் துரத்தி ஒட்டகத்தில் போவார்கள், பாலைவனம் இருக்கும், முற்பிறவி ஞாபகம் உள்ள முகுல் என்ற பையன் இருப்பான். ஒரு நொடி சலிக்காது. இங்கே காசியின் சந்துகளில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். விடுதி அறையில் ஒரு பாடி பில்டர் வந்து தசையைக் காட்டுகிறார். அவருக்கும் சிலைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு படத்திலும் பெண்களுக்கு இடமே இல்லை என்பதையும் யாரும் பேசுவதில்லை.

கெடிலம்:

பெண்கள் இல்லை என்பது உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

சந்துகளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் காசிக்குப் போனது என் அப்பாவின் காரியத்துக்காக. எங்கே திரும்பினாலும் சுவர், ஒரு ஆள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், மாடு வந்தால் திரும்பித்தான் போக வேண்டும். பின்னால் யாரோ வருவது காலடிச் சத்தத்தில்தான் தெரியும். அப்படி நடந்து நடந்து ஒரு திருப்பத்தில் சட்டென்று கங்கை முழுசாகத் திறந்துகொள்ளும். அந்த மூச்சுமுட்டலும் அந்தத் திறப்பும் இந்தப் படத்தில் அப்படியே இருக்கின்றன. ஒளிப்பதிவு சௌமேந்து ராய். சலிப்பு என்று நீங்கள் சொல்லும் நடையில்தான் எனக்குப் பயம் ஏறியது.

பாடி பில்டர் விஷயம்: லால்மோகன் பாபு அந்தத் தசையை வாய் பிளந்து பார்ப்பாரே, அந்த முகத்துக்காகவே அந்தக் காட்சி இருக்கலாம். லால்மோகன் பாபுவாக நடித்த சந்தோஷ் தத்தா நிஜ வாழ்க்கையில் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் வாதாடிய மனிதர் திரையில் இத்தனை வெள்ளந்தியாக எப்படி இருந்தார் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். 1988இல் அவர் போனார். அதற்குப் பிறகு ரே ஃபெலுடா படமே எடுக்கவில்லை.

ரீல்பெட்டி:

சாந்தி அக்கா பையன் கேட்ட கேள்வி எனக்கு இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக் காட்சியில் என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். குண்டு ஒன்றும் மேலே படவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. ஆனால் முழுசாக விட மாட்டேன், ஏனென்றால் இன்னொருவர் கணக்கு அங்கே தீரவில்லை.

சசி பாபு. துர்கை சிலை செய்யும் கிழவர். படத்தின் தொடக்கத்தில் அவர் வேலை செய்துகொண்டே ருக்குவுக்கு மகிஷாசுரன் கதை சொல்வார், பையன் பக்கத்தில் நின்று கேட்பான். சிலைக்கு வண்ணம் தீட்டுகிறவர் என்பதால்தான் சிங்கத்தின் வாயில் இருந்த கணேசர் அவர் கண்ணில் பட்டது. எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர்களுக்கு வேண்டியவர் என்று நம்பி, கோஷால் வீட்டில் வேலை பார்த்த விகாஸிடம் கொடுத்தார். விகாஸ் அதை மகன்லாலுக்கு விற்றான். விஷயம் தெரிந்தவர் என்பதற்காகச் சசி பாபுவைக் கொன்றுவிட்டார்கள்.

லால்மோகன் பாபு பட்ட அவமானத்துக்கு ஃபெலுடா சபதம் போட்டார். சசி பாபு செத்ததற்கு அப்படி ஒன்றும் இல்லை. நண்பனுக்கு ஒரு நியாயம், கூலிக்கு வேலை பார்த்த கிழவருக்கு ஒரு நியாயமா? துப்பாக்கியை எடுத்தது தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். எடுத்தபோது அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

காவிரிக்கரை:

ரீல்பெட்டி ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. சுவாமிமலையில் எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவர் உண்டு. கண் திறக்கிற அன்று யாரோடும் பேச மாட்டார், காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் முடிந்த பிறகுதான் தண்ணீரே குடிப்பார். சசி பாபு தூரிகை பிடிக்கும் காட்சிகளில் எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. காய்ச்சல் உடம்போடு வந்து வேலையை முடித்துக் கொடுக்கிறார் அந்த மனிதர்.

சாந்தி மாம்பலம்:

தசமியன்று துர்கையைக் கங்கையில் கரைத்துவிடுவார்கள், அவர் கை பட்டது எதுவும் மிஞ்சாது. இதை நான் பையனுக்குச் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடச் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை சசி பாபு கதை சொல்கிற இடத்தில் நிறுத்தி, அந்தத் தாத்தா யார் என்று முதலில் சொல்கிறேன்.