கேரியரில் வைத்தால் லேப்டாப் கெட்டுவிடுமாம்!

அம்பத்தூரான்:
நேற்று ஒரு வீடியோவில் ஒருவர் பாடம் எடுக்கிறார். ஆபீசுக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு முதுகுப் பையே போதுமாம். கேரியர் மாட்டினால் சைக்கிளின் அழகு போய்விடுமாம். அதில் லேப்டாப்பை வைத்தால் அதிர்விலேயே கெட்டுவிடுமாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் கேன், வாழைத்தார், அரிசி மூட்டை எல்லாம் கேரியரில் போன நாடு இது. ஒன்றரைக் கிலோ லேப்டாப் போகக் கூடாதா? 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி தொழிற்சாலை வைத்த ஊர்க்காரன் நான். கேரியர் இல்லாததை எங்கள் தெருவில் சைக்கிள் என்றே சொல்ல மாட்டார்கள். நல்ல கேரியரில் 25 கிலோ என்று பொறித்தே இருக்கும், போய்ப் பாருங்கள்.

பெடல்பித்தன்:
அண்ணே, 25 கிலோ என்பது எடைக் கணக்கு. அதிர்வுக் கணக்கு இல்லை. பால் கேனுக்குள் மதர்போர்டு கிடையாது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பள்ளம் வந்தால் நான் சீட்டிலிருந்து எழுந்துகொள்வேன், முட்டி அடியை வாங்கிக்கொள்ளும், முதுகில் இருக்கும் பைக்கு ஒன்றும் தெரியாது. கேரியரின் கால் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலேயே முடுக்கிய இரும்பு. டயர் வாங்கும் அடி நேராக லேப்டாப்புக்குப் போகும்.

அம்பத்தூரான்:
தம்பி, எந்தக் காலத்து லேப்டாப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றும், அதன்மேல் ஒரு முள் மயிரிழையில் மிதக்கும், அதற்கு அடி ஆகாது. இப்போது வருவது எஸ்எஸ்டி, சிப்பில் சேமிப்பது. அசைகிற பாகமே இல்லை. என்ன கெடும் என்று ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

பெடல்பித்தன்:
திரை. கீல். உள்ளே ஸ்குரூ லூஸ் ஆவது. ஒன்று கேட்டீர்கள், மூன்று சொல்லிவிட்டேன்.

வைகைக்கரை:
இரண்டு பேரும் லேப்டாப்பிலேயே நிற்கிறீர்கள். நான் மதுரையில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறவள். என் சுமை விடைத்தாள் கட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. முதுகில் மாட்டிப் போனால் சித்திரை மாதத்தில் வகுப்புக்குள் நுழையும்போது முதுகு முழுக்க ஈரம். பிள்ளைகள் முன்னால் அப்படி நிற்க முடியாது. முன்னால் கூடை போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. அரசு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிளிலும் கூடை வைத்துத்தானே கொடுக்கிறார்கள்?

பெடல்பித்தன்:
டீச்சர், கூடையில் எடை ஏறினால் ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் திரும்பும். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் முன்சக்கரம் மடங்கி சைக்கிள் சாயும். அது வேறு பேச்சு. இங்கே கேள்வி கேரியரில் லேப்டாப்.

வைகைக்கரை:
வேறு பேச்சா? பேச்சே ஆபீசுக்குச் சாமான் கொண்டுபோவதில்தானே தொடங்கியது சார்? லேப்டாப் இல்லாதவர்கள் வேலைக்கே போவதில்லையா?

காற்றுப்பம்பு:
கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேரியரைக் குறை சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கேரியர் பிரச்சினையே இல்லை, போல்ட்தான் பிரச்சினை. கீழே பிடிக்கும் 5 எம்எம் போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடாமல் விட்டுவிடுவார்கள். குலுங்கிக் குலுங்கி அது கழன்று, கேரியர் ஒரு பக்கம் இறங்கி மட்கார்டை உரசும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போட்டு இறுக்கினால் அசையாது. அப்புறம், இப்போது வரும் சில டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் கேரியர் பிடிக்க ஓட்டையே இருப்பதில்லை. சீட் கம்பியில் கவ்வுகிற கேரியரைத்தான் மாட்டுகிறார்கள். அதில் ஒன்பது பத்து கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதில் 25 கிலோ வைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

அம்பத்தூரான்:
காற்றுப்பம்பு சொல்வதுதான் தொழில்காரன் பேச்சு. போல்ட் இறுக்கமாக இருந்தால் அதிர்வு எங்கிருந்து வரும்?

காற்றுப்பம்பு:
அண்ணே, நான் அப்படிச் சொல்லவில்லை. போல்ட் இறுகினால் கேரியர் ஆடாது. ரோட்டு அதிர்வு இருக்கத்தான் செய்யும்.

பெடல்பித்தன்:
கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறார்.

அம்பத்தூரான்:
யார் பக்கமும் பேசவில்லை அவர். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை: கேரியரில் வைத்து லேப்டாப் கெட்டதை யாராவது கண்ணால் பார்த்தீர்களா? ஜெர்மனியில் ஓர்ட்லீப் கம்பெனி 1982இலிருந்து தண்ணீர் புகாத சைக்கிள் பைகள் செய்கிறது. கேரியரின் பக்கத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவதற்கென்றே லேப்டாப் அறை வைத்த ஆபீஸ் பை விற்கிறார்கள். கெட்டுப்போகும் என்றால் விற்பார்களா? நெதர்லாந்தில் கோட்டு சூட்டு போட்டவர்களே பக்கப் பை தொங்கவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

பெடல்பித்தன்:
நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை, அதில் பள்ளம் கிடையாது. நமக்கு வேகத்தடைக்கு வெள்ளைக் கோடுகூட இல்லை. அந்தப் பையை இங்கே மாட்டினால் குதிகால் இடிக்கும், அதையும் சொல்லுங்கள்.

அம்பத்தூரான்:
குதிகால் இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். கொக்கியை நகர்த்தத்தானே அதில் திருகு வைத்திருக்கிறான்? சுமை கீழே தொங்கினால் சைக்கிள் நிலையாக ஓடும். முதுகில் ஏற்றினால் அத்தனையும் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்கும், குனிந்து ஓட்டும்போது பையின் மேல்முனை ஹெல்மெட்டில் முட்டும், பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாது. 1954இல் தியன் பியன் பூ சண்டையில் வியட்நாம்காரர்கள் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றி மலை கடந்தார்கள். பிரெஞ்சு ராணுவமே தோற்றது. உங்கள் லேப்டாப் எம்மாத்திரம்?

பெடல்பித்தன்:
அவர்கள் ஓட்டவில்லை அண்ணே, தள்ளிக்கொண்டு போனார்கள். ஹேண்டிலில் மூங்கில் கட்டி நீட்டிக்கொண்டு நடந்தார்கள். நீங்களும் அம்பத்தூரிலிருந்து தள்ளிக்கொண்டே போவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அம்பத்தூரான்:
தள்ளினால் பள்ளம் வராதா? காட்டுப் பாதையில் அதிர்வு இல்லையா?

வைகைக்கரை:
அவர்கள் அரிசியும் குண்டும் கொண்டுபோனார்கள். விடைத்தாளுக்குத் துணியில் சுற்றிக் கட்டுவதா, பிளாஸ்டிக் பையா என்று கேட்க வந்தவள் நான். வியட்நாம் வரைக்கும் போய்விட்டீர்கள்.

காற்றுப்பம்பு:
டீச்சர், பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கட்டுங்கள். கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். இழுத்து மாட்டும்போது நழுவினால் கொக்கி கண்ணில் அடிக்கும், கழன்று விழுந்தால் ஸ்போக்கில் சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். டியூப்பில் அந்தப் பயம் குறைவு, மீதி நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள்.

பெடல்பித்தன்:
கொக்கிக் கயிறுதான் நான் வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

அம்பத்தூரான்:
முதுகில் பை மாட்டுகிறவருக்குக் கேரியர் கயிறு எதற்கு? கேரியரே ஆகாது என்றுதானே இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்?

பெடல்பித்தன்:
காய்கறி வாங்கப் போகும் சைக்கிள் வேறு, ஆபீஸ் போகும் சைக்கிள் வேறு. காய்கறிக்கு அதிர்வு பிரச்சினை இல்லை.

அம்பத்தூரான்:
தக்காளிக்கு அதிர்வு பிரச்சினை இல்லையா! தக்காளி நசுங்காமல் வருகிற கேரியரில் லேப்டாப் கெடுமா? அடியில் ஒரு மடிப்புத் துண்டு போட்டால் முடிந்தது கதை. டயரில் காற்றைக் கல் மாதிரி அடிக்காமல் இருந்தால் பாதி அதிர்வு அங்கேயே நின்றுவிடும். ஆனால் போன மாதம் டயர் பேச்சு வந்தபோது எல்லோரையும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்கச் சொன்னவர் நீங்கள்தானே? காற்றையும் ஏற்றுவீர்கள், அதிர்வு என்று கேரியர்மேல் பழியும் போடுவீர்கள்.

பெடல்பித்தன்:
அது மெல்லிய டயருக்குச் சொன்னது. அந்தப் பேச்சில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கேயும் இப்படித்தான் பாதியில் ஊர்ப் பெருமைக்குத் தாவினீர்கள்.

வைகைக்கரை:
டியூப் யோசனைக்கு நன்றி, காற்றுப்பம்பு சார். இந்தச் சண்டை நடக்கட்டும், நான் தாள் திருத்தப் போகிறேன்.

அம்பத்தூரான்:
ஊர்ப் பெருமை பேசுவேன், அதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் ஷிப்டுக்குப் போனவர்கள் தூக்குச்சட்டியைக் கேரியரில் வைத்து ஸ்பிரிங்கை மேலே இழுத்துவிட்டுப் போவார்கள், குழம்பு ஒரு சொட்டு சிந்தாது. உங்கள் முதுகுப் பையில் சாம்பார் டப்பா சாய்ந்தால் சார்ஜரும் போச்சு, லேப்டாப்பும் போச்சு, சட்டையும் போச்சு. கடைசியாகக் கேட்கிறேன்: கேரியரில் வைத்துக் கெட்ட லேப்டாப் ஒன்றின் சர்வீஸ் பில்லைப் போடுங்கள்.

பெடல்பித்தன்:
கெடவில்லை என்பதற்கு நீங்கள் என்ன பில் போடப்போகிறீர்கள்?

அம்பத்தூரான்:
கெடாததற்கு எந்தக் கடையில் பில் தருவான்? குற்றம் சொல்கிறவர்தான் காட்ட வேண்டும். பில் வரட்டும், அப்புறம் பேசுகிறேன்.

பெடல்பித்தன்:
முதலில் டயர் பேச்சில் கேட்டதற்குப் பதில் வரட்டும்.