ஆண்டிறுதி ஆல்பம் வரிசை: விமர்சகர் பட்டியல் ஒத்துவராவிட்டால் நாமே எப்படிப் போடுவது?

காரைக்குடி ரசிகன்:
பத்திரிகைகளின் ஆண்டிறுதி வரிசையில், யாரும் மனதாரக் கொண்டாடாத ஆல்பம்தான் மேலே வந்து உட்காருகிறது. எங்கள் வட்டத்தில் 12 பேர். ஆளுக்கு 10 ஆல்பம் எழுதி, முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாமிடத்துக்கு 1 என்று கூட்டினோம். அதிலும் அப்படியேதான் வந்தது. எங்கே பிசகுகிறது?

தேவகோட்டை ஒலி:
பிசகு உங்கள் ரசனையில் இல்லை தம்பி, கூட்டும் முறையில் இருக்கிறது. 5 பேர் ஒரு ஆல்பத்தை முதலிடத்தில் வைத்து, மற்றவர்கள் விட்டுவிட்டால் 50 புள்ளி. இன்னொன்றை 11 பேர் ஆறாவதாக வைத்தால் ஆளுக்கு 5 வீதம் 55. ‘பரவாயில்லை’ ரகம் ஜெயித்துவிடும்.

அமெரிக்காவில் வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ வாக்கெடுப்பில் ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளி. அதை 10 ஆல்பங்களுக்குப் பங்கிட வேண்டும்; ஒன்றுக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. இதே கணக்கில் அந்த 5 பேர் 25 வீதம் கொடுத்தால் 125. 11 பேர் 7 வீதம் கொடுத்தால் 77 தான். பிடித்ததன் அளவு அப்போதுதான் எண்ணில் தெரியும்.

பள்ளத்தூரான்:
அண்ணே, முறை சரி, ஆனால் 12 பேருக்கு அப்படியே ஒத்துவராது. ஒரே நடிகரின் ரசிகர்கள் 3 பேர் சேர்ந்து 30 வீதம் போட்டால் 90. உங்கள் 77-ஐத் தாண்டிவிடும். நூற்றுக்கணக்கானோர் வாக்களிக்கும்போது இது கரைந்துபோகும், சிறு வட்டத்தில் கரையாது. குறைந்தது 4 பேர் பட்டியலில் இருந்தால்தான் வரிசைக்குள் வரலாம் என்று முதலிலேயே விதி வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் போடுங்கள். விமர்சகர் பட்டியல்களில் நான் தேடுவது அந்த எண்ணைத்தான்.

கானாடுகாத்தான் வீணை:
தேதியை யாரும் சொல்லவில்லையே. டிசம்பர் முதல் வாரத்திலேயே வரிசை வந்துவிடுவதால் அதற்குப் பின் வரும் ஆல்பம் அந்தரத்தில் நிற்கும். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 1982 நவம்பர் கடைசியில் வந்தது. பாஸ் அண்ட் ஜாப்பில் முதலிடம் பிடித்தது 1983-க்கான வாக்கெடுப்பில். நீங்கள் டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை என்று ஆண்டை வையுங்கள்.

நம் படங்களுக்கு இன்னொரு சிக்கல். இரண்டு பாட்டு மாதக்கணக்கில் முன்னாடியே வந்து காதில் ஊறிவிடும். மதிப்பெண் அந்த இரண்டுக்கே போகும். ஆல்பத்தை வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில், ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை கேட்டபின் புள்ளி போடுங்கள். சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்ல ஒலிப்பதிவாகக் காதுக்குப் படும். ஸ்பாட்டிஃபையில் ஒலிச்சமன் (சத்தத்தை ஒரே அளவாக்கும்) வசதியைப் போட்டால் ஆல்பங்கள் சுமார் -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வந்துவிடும்.

காரைக்குடி ரசிகன்:
நன்றி ஆச்சி. எல்லாரும் பழைய வீட்டு ஹாலில் சேர்ந்து கேட்கப்போகிறோம். ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர்.

கானாடுகாத்தான் வீணை:
எதிரொலியில் பாட்டு வரிகள் கரைந்துவிடும், நுணுக்கமான ஆல்பம்தான் அடிபடும். தரையில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் அடிநாதம் (பேஸ்) வீங்கும், சுவரை விட்டு முன்னே இழுங்கள். உட்காருவது அதிலிருந்து 2 மீட்டருக்குள். 12 பேரும் அதற்குள் அடங்கமாட்டார்கள், நால்வர் நால்வராகக் கேளுங்கள்.