பலாமரத்தடிக்கு வரும் ஆறுமணிக்குருவி

ஐப்பசி பாதி கழிந்து வாடைக்காற்று எழும்பினால் எங்கள் தம்பலகாமம் வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கும். அம்மம்மா விளக்குமாற்றோடு பின்வளவுக்கு இறங்குவா. பலாமரத்தடியை மட்டும் கூட்ட வேண்டாம் என்று நான் கெஞ்சுவேன். சருகு கிடந்தால் பாம்பு அடையும் என்பது அவவின் பயம், அதுவும் நியாயம்தான். இப்போது கிணற்றடி வரைக்கும் அவவின் ஆட்சி, அதற்கு அப்பால் சருகு சருகாகவே கிடக்கும்.

இந்த ஏற்பாடு ஒரு குருவியால் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன், பெரும்போக விதைப்பு நடந்த நாட்கள். இரவு முழுக்க மழை, விறாந்தை பல்பை அணைக்காமல் படுத்துவிட்டோம். விடியப் பார்த்தால் யன்னலுக்குக் கீழே ஒரு குருவி, கண் பாதி மூடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. எங்கள் பூனை நாலடி தூரத்தில் பதுங்கி நின்றது.

நான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். அம்மம்மா தடுத்தா. "வாயில ஊத்தாத, மூச்சுக்குள்ள போயிரும். இருட்டா ஒரு பெட்டிக்குள்ள வை."

சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, பழைய துணி விரித்து உள்ளே வைத்தேன். கையில் எடுத்தபோதுதான் நிறங்களைச் சரியாகப் பார்த்தேன். முதுகு பச்சை, தோளில் மின்னுகிற நீலம், நெஞ்சு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே தடித்த கறுப்புக் கோடு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு கட்டை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது இன்னும் மறக்கவில்லை.

அது ஆறுமணிக்குருவி. இந்தியாவில், இமயமலை அடிவாரத்திலும் நடுப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில்தான். களைத்து வருகிற நேரத்தில் வெளிச்சம் கண்டு தடுமாறி, சுவரிலும் கண்ணாடியிலும் மோதிவிடும். எங்கள் பல்புதான் அதை விழுத்தியது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து இந்த மாதங்களில் இரவில் வெளியே விளக்குப் போடுவதில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெட்டிக்குள் சரசரவென்று சத்தம். பூனையைக் குசினிக்குள் அடைத்துவிட்டுப் பலாமரத்தடியில் மூடியைத் திறந்தேன். பறந்து போய்விடும் என்று பார்த்தால், தத்தித் தத்திச் சருகுக்குள் இறங்கி, அலகால் ஓர் இலையைப் புரட்டி ஒரு புழுவை இழுத்து விழுங்கியது! கட்டை வால் மெதுவாக ஏறி இறங்கியது. அன்று மரத்தடியைக் கூட்டியிருந்தால் அதற்கு அங்கே ஒன்றும் கிடைத்திருக்காது.

சிங்களத்தில் இதை அவிச்சியா என்பார்கள். இரவல் வாங்கிப் போன உடுப்பை மயில் திருப்பித் தரவில்லை என்று இது அழுகிறதாம். கந்தளாய்ச் சிநேகிதி ஒருத்தி இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து, எங்கள் மதிலில் மயில் வந்து நிற்கும்போதெல்லாம் என் கண் சருகுப் பக்கம் போய்விடும்.

மற்றவர்களும் வருகிறார்கள். வால் நீண்ட ஈப்பிடிப்பான் கிணற்றுக் கப்பியில் இருந்து பூச்சி பிடிக்கும். புலுனிக் கூட்டம் கத்தினால் கீரியோ உடும்போ நடமாடுகிறது என்று அர்த்தம். ஆனால் மனம் காத்திருப்பது ஆறு மணி வாக்கில் ஆறுமணிக்குருவி எழுப்புகிற இரட்டை விசிலுக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பின்னேரம், நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "பிள்ளை, உன்ர ஆள் வந்திட்டுது" என்று அம்மம்மா பின்வளவிலிருந்து கூப்பிட்டா. ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மூதூர், நிலாவெளிப் பக்கம் யாருக்காவது இந்த வருடம் குரல் கேட்டுவிட்டதா?