யூபிஎஸ் இருந்தும் நெட்வொர்க் போர்ட் போய்விட்டது, ஏன்?

மழைக்காலம்:
நேற்று பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தது. கணினி யூபிஎஸ்ஸில்தான் இருந்தது, இப்போதும் நன்றாக ஓடுகிறது. ஆனால் மதர்போர்டின் நெட்வொர்க் போர்ட் செத்துவிட்டது, ரவுட்டரில் அதே கேபிள் செருகியிருந்த போர்ட்டிலும் விளக்கு எரியவில்லை. இனி என்ன மாட்டினால் தப்பிக்கலாம்? இன்னொன்று, விளக்கு மங்கும்போதெல்லாம் யூபிஎஸ் டிக் டிக் என்கிறது.

செம்புக்கம்பி:
கரண்ட் ஒயரைக் காத்தீர்கள், மின்னல் நெட்வொர்க் கேபிளில் வந்துவிட்டது. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. சுமார் 30,000 ஆம்பியர் மின்னோட்டம் சில மைக்ரோ நொடிகளில் எகிறும்போது, அக்கம்பக்கத்தில் நீளமாக ஓடும் எந்தச் செம்புக் கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். மாடியில் இருந்து இறங்கும் டிஷ் கேபிள், வெளியே போகும் கேமரா ஒயர் எல்லாமே வாசல்தான். ஃபைபர் இணைப்பு மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அந்த இணைப்பின் மோடம் பெட்டிக்கு வரும் அடாப்டரும் அதிலிருந்து கணினிக்கு வரும் கேபிளும் செம்புதான். முடிந்தால் வைஃபைக்கு மாறிவிடுங்கள்.

எர்த்_பாருங்க:
சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பெட்டி) வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வாரிஸ்டர் என்ற பாகம் கூடுதல் மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் எர்த் பக்கம்தான் தள்ளும், எர்த்தே இல்லை என்றால் அது எங்கே போகும்? சிவப்பு சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் சர்ஜ் ப்ரொடெக்டர் ஆகிவிடாது, எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்று ஜூல் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரிஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அதனால் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும். வீட்டின் மெயின் கரண்ட் போர்டிலேயே எஸ்பிடி (வீடு முழுவதற்குமான சர்ஜ் ப்ரொடெக்டர்) போடுவது இன்னும் நல்லது.

மழைக்காலம்:
சரி, எர்த் பார்க்கச் சொல்கிறேன். அந்த டிக் சத்தம்?

செம்புக்கம்பி:
பயப்படாதீர்கள், அது ரிலே என்ற உள் சுவிட்ச் மாறும் சத்தம். மின்னழுத்தம் குறையும்போது லைன் இன்டராக்டிவ் வகை யூபிஎஸ் பேட்டரியைத் தொடாமல் அதை உயர்த்திக் கொடுக்கிறது. ஈய அமில பேட்டரி 3 முதல் 5 வருடம்தான் தாங்கும், இந்த வசதி இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மட்டும் மாட்டாதீர்கள், சூடாகும்போது ஒரேயடியாக இழுக்கும்.

எர்த்_பாருங்க:
அப்புறம், நேரடி அடிக்கு முன்னால் எந்தப் பெட்டியும் நிற்காது. வானம் கறுக்கும்போதே பிளக், நெட்வொர்க் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் சுலபமாகத் தாண்டிவிடும். இடி கேட்க ஆரம்பித்த பிறகு என்றால் ஒயரில் கை வைக்காதீர்கள், கணினி போனால் போகட்டும்.